ஒரு பொறிக்குள் 14 பொறிகள்

கணிப்பொறியின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் பெரும்பாலானவை இரண்டே வகைச் செய்திகளைத் தருகின்றன. எந்தப் பொறி எந்த ஆண்டில் வந்தது என்பது ஒன்று. அதை எந்த நிறுவனம் செய்தது என்பது மற்றொன்று. அப்பொறியை நாள்தோறும் இயக்கிக் காத்தவர்கள் யார், இடையூறு நேர்ந்தபோது யார் யாரிடம் கேட்டுக் கற்றார்கள் என்று சொல்லும் எழுத்து அரிது. அத்தகைய எழுத்து ஒன்றை வாசகர்களுக்கு அறிமுகம் செய்து, அதன் நிறைகுறைகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணிப்பொறி நிலையத்தில் பணியாற்றிய மெலிண்டா வேரியன் என்ற அம்மையார், 1989-ஆம் ஆண்டில் 'வி.எம். அண்டு தி வி.எம். கம்யூனிட்டி: பாஸ்ட், பிரசென்ட், அண்டு பியூச்சர்' என்ற நீண்ட கட்டுரையை எழுதினார். பின்னர் 1997 வரை அதைத் திருத்தியும் விரித்தும் வந்தார். 'வி.எம்.' என்பது ஐ.பி.எம். நிறுவனத்தின் மெய்நிகர் பொறி அமைப்பு. அந்த அமைப்பும் அதைச் சுற்றி வளர்ந்த மனிதர் கூட்டமும் சேர்ந்ததே கட்டுரையின் கதை.

மெய்நிகர் பொறி என்பது யாது?

ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு குடித்தனக்காரரும் வீடு முழுவதும் தமக்கே உரியது என்று நம்பி வாழ்கிறார். சமைப்பதும் படிப்பதும் அவரவர் பாடு. அதில் வீட்டுக்காரர் தலையிடுவதில்லை. ஆனால் ஒருவர் மெயின் சுவிட்சில் கை வைத்தால் வீட்டுக்காரர் உடனே அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு அந்த ஒருவரின் அறைக்கு மட்டும் விளக்கை அணைக்கிறார். குடித்தனக்காரரோ வீடு முழுவதையும் தாமே அணைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

மெய்நிகர் பொறியும் இவ்வாறே இயங்குகிறது. கூட்டல், கழித்தல் போன்ற சாதாரண ஆணைகள் நேரடியாக உண்மைப் பொறியிலேயே ஓடுகின்றன. ஆகவே வேகம் பெரிதும் குறைவதில்லை. பொறி முழுவதையும் பாதிக்கக்கூடிய ஆணை ஒன்று வந்தால் மட்டும் வன்பொருள் அதைத் தடுத்து, கட்டுப்பாட்டு நிரலிடம் ஒப்படைக்கிறது. அந்த ஆணையின் விளைவைக் குறிப்பிட்ட மெய்நிகர் பொறிக்கு மட்டும் அந்நிரல் உண்டாக்கிக் காட்டுகிறது.

1964-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். தனது அறிவியல் மையத்தை அமைத்தது. அவ்வாண்டின் இறுதியில் ராபர்ட் கிரீசியும் அவருடைய தோழர்களும் அங்கே இம்முயற்சியில் இறங்கினர். சிஸ்டம்/360 வரிசையின் 40-ஆம் மாதிரிப் பொறி ஒன்றில் முகவரி மாற்றத்துக்கான வன்பொருளைத் தனியே பொருத்தினார்கள். 'சி.பி.-40' என்ற அந்த அமைப்பு 1967 ஜனவரியில் அன்றாடப் பயனுக்கு வந்தது. 256 கிலோபைட் நினைவகம் கொண்ட அந்த ஒரு பொறி, தலா 256 கிலோபைட் கொண்ட 14 பொறிகளாகத் தோற்றம் தந்தது. அதன் வழியில் வந்த 'சி.பி.-67'-ஐ அடுத்து, 1972 ஆகஸ்டு 2-இல் 'வி.எம்./370' அறிவிக்கப்பட்டது.

கட்டுரையின் சிறப்பு

இச்செய்திகளைப் பிற நூல்களிலும் காணலாம். வேரியனின் தனிச்சிறப்பு வேறு. வி.எம். அமைப்பின் மூல நிரல் பயன்படுத்துவோர் கைக்கே வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருந்த நிர்வாகிகள் அதைப் படித்தார்கள், பிழையைக் கண்டார்கள், திருத்தினார்கள், திருத்தத்தைக் காந்த நாடாவில் பதிந்து பிறருக்கும் அனுப்பினார்கள். 1955-இல் தோன்றிய 'ஷேர்' என்னும் ஐ.பி.எம். பயனாளர் சங்கத்தின் கூட்டங்களில் ஒன்றுகூடி, ஒருவர் கற்றதை மற்றவருக்குக் கற்பித்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலை வேரியன் விரிவாகப் பதிவு செய்கிறார். சட்டையில் கரடிப் பொம்மை ஒட்டியிருக்கும் மூத்தவரைப் புதிதாக வந்தவர் தயங்காமல் அணுகலாம் என்ற வழக்கம் அக்கூட்டத்தில் இருந்தது. சிறிய செய்திதான், ஆனால் ஒரு தொழில் எவ்வாறு கைமாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இன்று மெய்நிகர் பொறிகளை நிர்வகிக்கும் மாணவர் இக்கதையிலிருந்து எதைக் கற்கலாம்? மூன்றைக் கூறலாம்.

முதலாவது, புதியதை முதலில் நகலில் சோதிக்க வேண்டும். அன்றைய நிர்வாகிகள் புதிய இயக்க அமைப்பை ஒரு மெய்நிகர் பொறிக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். சோதனைப் பொறி நிலைகுலைந்தாலும் மற்றவர்களின் வேலை நிற்கவில்லை. வி.எம்.மின் புதிய பதிப்பையே வி.எம்.முக்குள் ஓட்டவும் அவர்களால் முடிந்தது.

இரண்டாவது, நினைவகத்தைக் கணக்கிட்டுப் பங்கிட வேண்டும். 14-ஐ 256-ஆல் பெருக்கினால் 3,584 கிலோபைட் ஆகும். இருந்ததோ 256 மட்டுமே. எல்லாப் பொறிகளும் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை என்பதாலேயே இது நடைபெற்றது. கேட்கத் தொடங்கினால், பக்கங்களை வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே மாற்றுவதிலேயே பொறியின் காலம் கழிந்துவிடும். இன்றைய நினைவகத்தை எட்டச் சுமார் 100 நானோ விநாடி ஆகிறதென்றால், திண்மநிலை வட்டை எட்டச் சுமார் 100 மைக்ரோ விநாடி ஆகிறது. அதாவது 1,000 மடங்கு. ஒரு நிமிடத்தில் முடியும் வேலைக்கு 16 மணி 40 நிமிடம் காத்திருப்பதைப் போன்றது இது! ஆகவே கையிருப்பை மீறி வழங்கலாம். அளவை மறந்து வழங்கலாகாது.

மூன்றாவது, இன்றைய காலத்துக்கே உரிய எச்சரிக்கை. 'ஸ்னாப்ஷாட்' என்பது காப்பு நகல் அன்று. பல அமைப்புகளில் அது மூலக் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டு, அதன் பின் ஏற்பட்ட மாற்றங்களை மட்டும் வேறாக எழுதிவைக்கும் ஏற்பாடே. மூலக் கோப்பு இருக்கும் வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். உண்மையான காப்பு நகல் வேறொரு பொறியில் இருத்தல் வேண்டும். அதை மீட்டுப் பார்த்து ஒருமுறையேனும் சரிபார்த்திருத்தலும் வேண்டும்.

குறைகள்

இனி, இக்கட்டுரையில் நாம் உடன்பட முடியாதவற்றைப் பார்ப்போம். இது சங்கத்து உறுப்பினர்களுக்காக எழுதப்பட்டது. ஆகவே கலைச்சொற்களும் சுருக்கப் பெயர்களும் விளக்கமின்றி அடுக்கடுக்காக வருகின்றன. புதிதாகப் படிக்கும் மாணவர் சில பக்கங்களிலேயே சோர்ந்துபோகக் கூடும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. வி.எம்.மின் வெற்றியில் மனிதர்களுக்குத் தரப்படும் இடம் பொறிக்குத் தரப்படவில்லை. சிஸ்டம்/360 வரிசையில், காப்பு வேண்டிய ஆணைகள் அனைத்தும் சாதாரண நிரல் ஒன்றிலிருந்து வந்தால் உடனே தடுக்கப்பட்டன. மெய்நிகர் பொறியை அமைக்க இப்பண்பு இருந்தால் போதும் என்பதை 1974-இல் பொபெக், கோல்டுபர்க் என்ற இருவர் கணித முறையில் நிறுவினர். நம் மேசைக் கணிப்பொறிகளில் பரவிய இன்டெல் செயலிகளில் இப்பண்பு முழுமையாக இல்லை. சில ஆணைகள் தடுக்கப்படாமலே வேறு விளைவைத் தந்தன. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மெயின் சுவிட்சைத் தொட வழி இருந்தது எனலாம். ஆகையால் அப்பொறிகளில் 1999-இல் 'விஎம்வேர்' நிறுவனம் ஆணைகளை முன்கூட்டியே மாற்றி எழுதும் உத்தியைக் கையாள வேண்டியதாயிற்று. வன்பொருளிலேயே துணை வந்தது 2005-இல்தான். கூட்டுறவு எவ்வளவு சிறந்ததாயினும் பொறியின் அமைப்பு இடம் கொடுக்காவிட்டால் பயன் தாமதப்படும் என்பதற்கு இதுவே சான்று.

மூல நிரலைப் பற்றிய சர்ச்சைக்கு வருவோம். 1983 பிப்ரவரியில் ஐ.பி.எம்., இனி மூல நிரலை வழங்குவதில்லை என்னும் கொள்கையை அறிவித்தது. பயனாளர்கள் பல ஆண்டுகள் வாதாடினர். வேரியன் அவர்கள் பக்கம் நின்று எழுதுகிறார். அதை மறைக்கவும் இல்லை. ஆயினும் மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஒவ்வொரு நிலையமும் தன் விருப்பப்படி நிரலை மாற்றினால், புதிய பதிப்பு வரும்போது அம்மாற்றங்கள் அனைத்தையும் மறுபடியும் பொருத்த வேண்டும். பழுதுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழும். இதையும் நடுநிலையோடு எடைபோட்டிருந்தால் அவருடைய வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

அப்படியானால் அவருடைய முடிவு தவறா? இல்லை. மூல நிரல் மூடப்பட்டால் இழப்பு வசதியில் மட்டும் நேர்வதில்லை. திறந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பும் போகிறது. பொறியை அறிந்தவர் பொத்தானை மட்டும் அறிந்தவராகச் சுருங்கிவிடுகிறார். பின்னர் நடந்தவையும் இக்கருத்தையே உறுதி செய்கின்றன. 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'சென்', 2007-இல் லினக்ஸ் கருவில் இடம்பெற்ற 'கேவிஎம்' ஆகிய இரண்டும் மூல நிரலோடு திறந்தே வந்தவை. இன்று மேகக் கணிமை நிலையங்கள் பல இவ்விரண்டையும் அடித்தளமாகக் கொண்டே எழுந்துள்ளன. பழைய வி.எம்.மின் வாரிசான 'இசட்/வி.எம்.' பெரும் பொறிகளில் இன்றும் இயங்கி வருகிறது.

மாணவர்களே! லினக்ஸ் உள்ள சாதாரணக் கணிப்பொறி ஒன்று கிடைத்தாலும் போதும். கேவிஎம் கொண்டு அதற்குள் மற்றொரு பொறியை நீங்களே உருவாக்கிப் பார்க்கலாம். அது ஏன் இயங்குகிறது என்ற ஐயம் எழுந்தால் மூல நிரலைத் திறந்து படிக்கவும் உங்களுக்குத் தடை இல்லை. வேரியனின் கட்டுரையை அதன் பிறகு படியுங்கள். கலைச்சொற்களின் கடுமை அப்போது பாதியாகக் குறைந்துவிடும். ஒருதலைச் சார்பு இருந்தபோதிலும், கற்றதைப் பிறருக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் மறைந்துபோகாமல் காத்த எழுத்து அது. அதற்காகவே அதைப் படிக்கலாம்.