பாரம் சுமக்காத தூண்கள்

கோவில்பட்டிக்காரருக்குப் பாலம் என்றால் ஓடைப்பாலம்தான். வருஷத்தில் பாதி நாளைக்கு மேல் அடியில் மணல்தான் கிடக்கும். மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற கரிசலில் அஸ்திவாரம் நிற்பதே பெரும்பாடு. அங்கே அழகு பார்த்துப் பாலம் கட்ட யாருக்கு மனசு வரும்?

அதே ஆள் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கயத்தாறு தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் மாறி, தாமிரபரணியைக் கடக்கிறார். சன்னலோரம் உட்கார்ந்தால் ஆறு தெரியும்; பாலம் தெரியாது. சுலோசன முதலியார் பாலத்தைப் பார்க்க ஆற்றுக்குள் இறங்கியாக வேண்டும்.

நீளம் சுமார் 760 அடி. வளைவுகள் 11, ஒவ்வொன்றும் 60 அடி. கழித்துப் பார்த்தால் நடுவில் நிற்கும் பத்துத் தூண்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய நூறு அடி. ஆற்றின் வழியை அடைக்காத கஞ்சத்தனம் அது. மேலே போகிற வண்டியின் பாரத்தை வளைவு இரு பக்கமும் தள்ளுகிறது. பக்கத்து வளைவு எதிர்த்துத் தள்ள, நடுத்தூண் அசையாமல் நிற்கிறது. இரும்புக்கம்பி தெரியாத, சுண்ணாம்புச் சாந்துக் காலத்து வித்தை.

ரசிகன் கண் நிற்க வேண்டிய இடம் வேறு. வளைவும் வளைவும் சேரும் முகப்பில் உருண்டைத் தூண்கள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. பாரத்தைச் சுமக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. லண்டனில் ஜான் ரென்னி வடிவமைத்து 1817-இல் திறந்த வாட்டர்லூ பாலத்தின் சாயல் அது. நெல்லைக்கு வரைந்து கொடுத்தவர் கேப்டன் ஹார்ஸ்லி. சிக்கனம் பார்க்கிற பொறியாளர் முதலில் வெட்டியிருக்க வேண்டிய செலவு இந்தத் தூண்கள்தான். நல்லவேளை, வெட்டவில்லை.

பணம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி அல்ல. பொதுமக்களிடம் வசூலிக்கத்தான் யோசனை இருந்தது. கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாரான சுலோசன முதலியார் (பெயரைக் கேட்டுப் பெண் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு) ஏறத்தாழ 50,000 ரூபாயையும் தானே ஏற்றார். 1840-இல் தொடங்கிய வேலை 1843 நவம்பரில் முடிந்தது. அதுவரை கொக்கிரகுளத்தில் ஆற்றைக் கடக்கப் படகுதான்.

1869 வெள்ளம் சில வளைவுகளை அடித்துப் போனது. 1871-இல் திரும்பக் கட்டினார்கள். பிறகு அகலப்படுத்தினார்கள், பக்கத்தில் புதுப்பாலமும் வந்துவிட்டது.

ரென்னியின் பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். ஜோடித் தூண்களை இனி பார்க்க நினைப்பவர், கோடையில் தண்ணீர் குறைந்த ஒரு காலையில் ஜங்ஷனில் இறங்கி ஆற்றுக்கு நடக்கலாம்.