பலகையும் பூட்டும்

"அந்த டிக்கெட்டை முடிந்ததாகப் போட்டுவிடு" என்று ஓர் ஏஐ முகவரிடம் சொல்கிறோம். கேட்பதற்கு எளிது, பணி மேலாண்மை மென்பொருளான ஜிராவில் அவ்வளவு எளிதல்ல. டிக்கெட்டின் தலைப்பைத் திருத்துவதுபோல அதன் நிலையைத் திருத்த அங்கே வழியில்லை. இப்போதைய நிலையிலிருந்து எங்கெங்கே நகரலாம் என்று கேட்டறிந்து, அந்த நகர்வுக்குரிய எண்ணைக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். மனிதருக்கு இது திரையில் ஒரு சொடுக்கு. திரையைப் பார்க்காத முகவருக்கோ, மென்பொருள் எழுதியவர் கருவியோடு சேர்த்து வைத்த நாலு வரி விளக்கம்தான் கதி.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, மாடல் வெளிக் கருவிகளை அழைக்க உதவும் 'ஃபங்ஷன் காலிங்' வசதியைத் தன் ஏபிஐயில் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், கருவிகளை இணைப்பதற்கான எம்சிபி என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு. கருவிக்குள் இருக்கும் நிரலை, முகவரை இயக்கும் மாடல் பார்ப்பதில்லை. இந்த மூன்றையும் படித்தே எதை அழைப்பது, எதை நிரப்புவது என்று முடிவு செய்கிறது.

பெயரில் தெரியாத வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதுதான் விளக்கத்தின் முதல் பலம். இன்னொரு பணி மேலாண்மை மென்பொருளான அசானாவில் கெடுவைக் குறிக்க இரண்டு புலங்கள் உண்டு: 'ட்யூ ஆன்' வெறும் தேதி, 'ட்யூ அட்' தேதியோடு நேரமும். "வெள்ளிக்கிழமைக்குள்" என்று மேலாளர் சொன்னதை இரண்டாவதில் போட்டால், யாரும் சொல்லாத ஒரு நேரத்தை மாடலே இட்டு நிரப்பும். நேர மண்டலக் கணக்கில் வெள்ளி சனியாகவும் ஆகலாம். "நேரம் சொல்லப்படாவிட்டால் தேதியை மட்டும் நிரப்பு" என்ற ஒரு வரி இதைத் தவிர்க்கும். அதே அசானாவில் ஒரே வேலை பல திட்டங்களில் இடம்பெறலாம். ஆகவே 'இந்தத் திட்டத்திலிருந்து எடு' என்பதும் 'வேலையை நீக்கு' என்பதும் ஒன்றல்ல. குழம்பினால் அடுத்த குழுவின் பட்டியலிலிருந்தும் வேலை காணாமல் போகும். கருவியை எப்போது பயன்படுத்துவது என்பதோடு, எப்போது கூடாது, அப்போது எதை நாடுவது என்பதையும் நல்ல விளக்கம் சொல்லிவிடும்.

இரண்டாவது பலம், எழுதுபவரையே அது திருத்துகிறது. இரண்டு கருவிகளுக்கிடையே என்ன வித்தியாசம் என்று ஒரே வாக்கியத்தில் எழுத வரவில்லையென்றால், கோளாறு வாக்கியத்தில் இல்லை. ஒன்றாக இருக்க வேண்டியதை இரண்டாக்கி வைத்திருக்கிறோம்.

குறைகளும் இங்கிருந்தே முளைக்கின்றன. கருவியைத் திருத்துவது இரண்டு நாள் வேலை, விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது இரண்டு நிமிடம். எனவே முகவர் தவறும்போதெல்லாம் "கவனம்", "கட்டாயம்" என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போகிறார்கள். முன்னுரிமைக்கு நான்கே மதிப்புகள்தான் என்றால், உள்ளீட்டு அமைப்பிலேயே அந்த நான்கையும் பட்டியலிட்டுவிடலாம். பத்தி எழுதத் தேவையில்லை. இப்படி வீங்கும் விளக்கங்கள் பெரும்பாலும் உரையாடலின் தொடக்கத்திலேயே மொத்தமாக மாடலின் முன் வைக்கப்படுகின்றன. ஐம்பது கருவிகள் இருந்தால், பயனர் வாய் திறக்குமுன்பே டோக்கன் கரைகிறது, கவனமும் சிதறுகிறது.

நிரல் மாறி, விளக்கம் பழையபடியே கிடப்பது இன்னொரு தொல்லை. பிழை என்று சொல்ல இங்கே கம்பைலர் கிடையாது. பொய்யாகிப்போன அந்த வரியை மாடல் அப்படியே நம்பும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, விளக்கம் கட்டுப்படுத்தாது என்பது. இதே வகை மென்பொருளான ட்ரெல்லோவில் காப்பகத்துக்கு அனுப்பிய அட்டையை மீட்கலாம்; நீக்கியதை மீட்க முடியாது. நீக்கும் கருவியின் மேல் "பயனரின் ஒப்புதல் இல்லாமல் அழைக்காதே" என்று எழுதுவது, திறந்த கதவில் 'உள்ளே வராதீர்' என்று பலகை மாட்டுவதற்குச் சமம். பெரும்பாலோர் மதிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் பலகையை எழுதுவது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. விளக்கத்துக்குள்ளேயே மாடலுக்கான தீய கட்டளைகளை ஒளித்துவைக்க முடியும் என்பதை ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 ஏப்ரலில் காட்டியது. 'இது படிக்க மட்டும்', 'இது அழிக்கக்கூடியது' என்று கருவிக்கு அடையாளமிடும் வசதி எம்சிபியில் உண்டு. ஆனால் அவை குறிப்புகள் மட்டுமே, நம்பகமற்ற சர்வர் சொல்வதை ஏற்கக் கூடாது என்று அந்த நெறிமுறையே எச்சரிக்கிறது.

ஆக, வேலையைப் பிரித்துக்கொள்வதே முறை. தேர்ந்தெடுக்க உதவுவது விளக்கத்தின் வேலை. அங்கே சொற்களைச் சிக்கனமாகவும் துல்லியமாகவும் செலவிடலாம். தடுப்பது அனுமதி அமைப்பின் வேலை. அங்கே சொற்களுக்கு இடமில்லை. நீக்கும் கருவிக்கு எச்சரிக்கை எழுதி நிம்மதியாக இருப்பவர்கள், சோதனைத் தரவு ஒன்றை வைத்து, அந்த வரியை அழித்துவிட்டு முகவரை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் தரவு தப்பித்தால்தான் உங்களிடம் பூட்டு இருக்கிறது.