வீடூர் விராலுக்கு எது சீசன்?

வீடூர் அணையில் உபரிநீர் திறந்தார்கள் என்று கேள்விப்பட்டால் போதும். கூட்டேரிப்பட்டிலிருந்து விக்கிரவாண்டி வரைக்கும் தூண்டில் வைத்திருக்கிற அத்தனை பேரும் வண்டியை எடுத்துவிடுவார்கள். கரையில் திருவிழாக் கூட்டம், கடலை வண்டிகூட வந்துவிடும். சாயங்காலம் பையைப் பிரித்தால் நாலு ஜிலேபி, ஒரு கெளுத்தி. விரால் மட்டும் இருக்காது. ஆட்டமே இல்லாத நாளில் மைதானம் நிறைவது நம் ஊர் வழக்கம்.

வராக நதியும் தொண்டியாறும் கூடுகிற இடத்தில் 1959-ல் கட்டி முடித்த அணை இது. உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. சாத்தனூர் அணையின் 119 அடிக்கு முன்னால் இது ஒரு தாம்பாளம். அந்த ஆழமின்மைதான் விராலுக்குத் தோது. ஒரு நல்ல மழைக்கே கதை மாறிவிடும். 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் தண்ணீர் செம்மண் குழம்பாக வரும். கரையோர முள்ளுக்காடு, வயல் வரப்பு எல்லாம் முங்கும், மீனுக்குப் போக்கிடம் பத்து மடங்காகும். இரையைப் பார்த்துப் பாய்கிற மீனுக்குக் கலங்கலில் கண் தெரியாது. நமக்கோ அது எங்கே கிடக்கிறதென்று தெரியாது.

என் கணக்கில் வீடூரின் சீசன் தை பிறந்து சில வாரம் கழித்துத்தான் தொடங்குகிறது. மார்கழிப் பனியில் விரால் மந்தம், வெயில் ஏறி பத்து மணி ஆனால்தான் அசையும். மாசியில் பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கும். பரந்து கிடந்த மீன், கோரைப் புதருக்கும் அல்லி இலைக்கும் நடுவே ஒதுங்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். விரால் மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டிய மீன், செவுள் மட்டும் அதற்குப் போதாது. 'பொளக்' என்று ஒரு சத்தம், அல்லி இலைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். அமெரிக்காவில் பாஸ் மீனைத் தேடப் படகில் சோனார் கருவி கட்டிக்கொண்டு அலைகிறார்கள். இங்கே மீனே கையைத் தூக்கி 'உள்ளேன் ஐயா' சொல்கிறது.

வட்டத்தின் மேலேயே வீசுவது கத்துக்குட்டி வேலை. அதைத் தாண்டி இரண்டு முழம் தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, இலை மேல் ஏற்றி இறக்கி இழுத்துவர வேண்டும். முள் இரண்டும் தவளையின் முதுகோடு ஒட்டியிருப்பதால் கொடியில் மாட்டாது. மீன் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும். அப்போது கை தானாகத் துள்ளும், அங்கேதான் தோற்கிறோம். போன மாசியில் ஒரே காலையில் மூன்று அடி வாங்கினேன். மூன்றையும் அவசரப்பட்டுச் சுண்டினேன், மூன்று முறையும் வெறும் தவளை என் முகத்தை நோக்கிப் பறந்து வந்தது. நரம்பு இறுகி, கனம் கைக்குத் தெரிகிற வரை பொறுக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுச் சுண்டினால் முள் ஏறும்.

மழைக்காலத்தில் இன்னொரு ஆட்டம் நடக்கிறது, அதுதான் எனக்கு உறுத்தல். தண்ணீர் மேலே செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரியும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் அடிக்கும். பசிக்கு அல்ல, விரட்டுவதற்கு. இதைத் திறமை என்று வீடியோ போடுகிறார்கள். காவல் நின்ற ஆள் போய்விட்டால், மிச்சக் குஞ்சை ஜிலேபியும் கெளுத்தியும் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவிலும் கூட்டைக் காக்கும் ஆண் பாஸைப் பிடிக்கலாமா என்று பல வருடமாகச் சண்டை. பெரிய மீன் வேண்டுமென்றால் முட்டைக் காலத்தில் போ என்பது அங்கேயும் பழைய பேச்சு. ஆனால் பாஸின் உலகச் சாதனை ஜார்ஜ் பெர்ரிக்கு ஜார்ஜியாவில் கிடைத்தது 1932 ஜூன் 2-ல், எடை 10 கிலோவுக்குச் சற்று மேல். அதைச் சமன் செய்த மனாபு குரிதாவுக்கு ஜப்பானின் பிவா ஏரியில் கிடைத்தது 2009 ஜூலை 2-ல். இரண்டுமே பாஸ் முட்டையிடும் வசந்தம் கழிந்த பிறகுதான்.

பாஸ் என்ற பேருக்கு நெருங்கிய சொந்தம் நமக்குத் திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரியில் இருக்கிறது: ஆங்கிலத்தில் 'சீ பாஸ்' எனப்படும் கொடுவா. கடலில் முட்டையிட்டு, குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி வளர்கிற மீன். பெரும்பாலும் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும், ஆகவே பெரிய கொடுவா பெரும்பாலும் தாய். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் இதைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. பண்ணையில் குஞ்சு கிடைப்பதால் குளத்தில் வளர்த்துப் பிடிக்கலாம். கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம், தூண்டிலோடு அங்கே போக வேண்டாம்.

வீடூரிலும் மீன்பாசிக் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள். பங்குனிக் கடைசியில் தண்ணீர் குட்டையாகிவிட்டால் வலையும் ஊத்தாவும் இறங்கிவிடும், தூண்டிலுக்கு வேலை இருக்காது. மாசியில் ஒரு காலை, எட்டு மணிக்கு மேல், அல்லிக் கொடி இருக்கிற கரையாகப் பார்த்துப் போங்கள். கடலை வண்டி இருக்காது, வீட்டிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது.