ஒரு ராத்திரிப் புளிப்பு

பெங்களூரில் சிறு வடிசாலைகள் பெருகிய பிறகு பீரை முகர்ந்து, நிறம் பார்த்து, வாயில் உருட்டிக் குடிக்கிற ரசிகர்கள் நம் பக்கத்திலும் கூடிவிட்டார்கள். எந்தத் தானியம், எந்த ஊர்த் தண்ணீர், எத்தனை நாள் புளித்தது என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும், நல்ல பழக்கம்தான். ஆனால் அதே ஆட்கள் கோவில்பட்டி புறவழிச் சாலையில் காரை நிறுத்தி, ஒரு சொம்பு கம்மங்கூழை ‘உடம்புக்கு நல்லது’ என்று கஷாயம் குடிக்கிற முகத்தோடு விழுங்கிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை. தானியத்தைப் புளிக்கவைத்துக் குடிக்கும் வித்தைதானே இதுவும்? சத்துக்காகக் குடிக்கிறவருக்கு இதன் ருசி பிடிபடவே போவதில்லை.

பார்லியை முளைக்கவிட்டு உலர்த்துவதில் பீர் தொடங்குகிறது. முளை விடும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. கம்பும் அந்த வழியில் போகக்கூடியதுதான். நமீபியாவில் கம்பு மாவோடு முளைகட்டிய சோள மாவைச் சேர்த்து ஓஷிகுண்டு என்று ஒரு பானம் செய்கிறார்கள். செய்த அன்றே குடித்துவிட வேண்டும். கிழக்கு நேபாளத்திலும் சிக்கிமிலும் நம் கேப்பையை வேகவைத்து, மார்ச்சா என்கிற பூஞ்சை வில்லையைப் பொடித்துத் தூவிப் புளிக்கவிடுகிறார்கள். பிறகு அதில் வெந்நீர் ஊற்றிக் குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள், அது துங்பா. கரிசல்காட்டு வீட்டில் முளையும் இல்லை, வில்லையும் இல்லை. வெந்த கம்மஞ்சோறு, தண்ணீர், மண்பானை, ஒரு ராத்திரி. சர்க்கரை அவ்வளவாக இல்லாத இடத்தில் ஈஸ்டுக்குப் பெரிய வேலை கிடையாது. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் ராஜ்யம்தான். ஆகவே போதைக்குப் பதில் புளிப்பு. போதைக்கு இந்தப் பக்கம் பனை இருந்தது. 1987 ஜனவரியில் கள்ளுக்குத் தடை வந்ததோடு அந்தக் கதை சட்டப்படி முடிந்தது. மிச்சமிருக்கும் ரசனைக்குக் கூழ்தான் கதி.

கூழின் தரம் உரலிலேயே பாதி தீர்மானமாகிவிடும். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உலக்கையால் குத்தி, சொளகில் புடைத்துத் தவிட்டைப் போக்குவார்கள். பிறகு மறுபடி குத்திக் குருணையும் மாவுமாகப் பிரிப்பார்கள். உலை கொதித்ததும் முதலில் குருணை. அது வெந்து வரும்போது மாவைக் கரைத்து விட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டு மெஷினில் நைசாக அரைத்த மாவை மட்டும் காய்ச்சினால் கிடைப்பது போஸ்டர் ஒட்டுகிற பசை. நல்ல கூழில் குருணை நாக்கில் தட்டுப்பட வேண்டும். ஆனால் பல்லுக்கு வேலை வைக்கக் கூடாது.

மாவின் வயது இன்னொரு விஷயம். கம்பில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு இருக்கிறது; அரிசியில் அவ்வளவு கிடையாது. அரைத்த உடனே லிப்பேஸ் என்ற நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். சில நாளில் மாவு காறும், சிக்கு வாடை வீசும். நெல்லுச்சோறு நாளும் கிழமையும் மட்டும் வெந்த காலத்தில், இடைசெவல், எட்டயபுரம் சுற்று வட்டாரப் பெண்கள் அன்றன்றைக்குக் கம்பு குத்தினார்கள் என்றால் அதில் ருசியின் கட்டாயமும் இருந்தது. (அந்த உலக்கையைப் பிடித்த தோள்களின் வலியைப் பற்றி ருசி பேசுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. நானும்தான்.)

சரி, சொம்பு கைக்கு வந்தாயிற்று. முதலில் நிறம். குத்திய கம்பு சாம்பலும் பச்சையும் கலந்திருக்கும். அதிலுள்ள நிறமிகள் அமிலம் பட்டால் வெளிறும். ராத்திரி ஊறிய, இன்னும் கரைக்காத கூழ் உருண்டையைப் பானையில் எட்டிப் பார்த்தாலே, புளிப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மோர் ஊற்றிய பிறகு பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, மோரே வெளுக்கவைத்துவிடும். அடுத்து வாசனை. ஈரமண்ணும் பச்சைத் தவிடும் சேர்ந்தாற்போல ஒன்று எழ வேண்டும். அதன் பின்னால் லேசான மோர் நெடி. எலிப்புழுக்கை வாடை வந்தால் மாவு பழசு. பேசாமல் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

புளிப்புதான் இதில் நிஜமான பரீட்சை. அக்கினி நட்சத்திரத்தில் சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் விடியற்காலையிலேயே பதம் வந்துவிடும். பத்து மணிக்கு மேல் கடுப்பு. மார்கழியில் உச்சிப்பொழுது வரை பொறுக்கலாம். நன்றாக அமைந்த கூழில் புளிப்பு நுனிநாக்கில் பாயாது. முதலில் உப்பு, பிறகு கம்பின் மங்கலான இனிப்பு, விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்புறத்தில் புளிப்பு. இந்த வரிசை தலைகீழானால் கடைக்காரர் மோரில் சாமர்த்தியம் காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். புளித்த மோரை ஊற்றி ராத்திரியின் வேலையை ஒரு நிமிஷத்தில் முடிக்கப் பார்ப்பது பரவலான தந்திரம். “எப்பக்கா காய்ச்சுனது?” என்று கேட்டால் போதும். “நேத்து சாயங்காலம் அண்ணாச்சி” என்று கரண்டியை நிறுத்தாமல் பதில் வந்தால் தைரியமாக உட்காரலாம்.

ஐஸ் கட்டி போடுகிற வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். குளிர்ச்சி ஏறினால் வாசனை அடங்கிவிடும். புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். மண்பானையின் குளிர்ச்சியே போதுமானது. தினமும் புழங்குகிற பானைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதன் சுவரில் நேற்றைய நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு வீட்டுக் கூழுக்கும் ஒரு தனிப் புளிப்பு உண்டாகிறது. எவர்சில்வர் டிரம்மில் அந்தத் தனித்தன்மை கழுவிப் போய்விடுகிறது.

சோளக்கூழ் வெள்ளையாக, சற்று மந்தமாக இருக்கும். கேப்பைக்கூழ் வழவழப்பு, சென்னை ஆடி மாதக் கோயில்களில் அதற்கு மவுசு. எனக்கு இரண்டும் இரண்டாம் பந்திதான். கோவில்பட்டியில் 1901லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தியும் சோளமும் சிறுதானியமும் அங்கே காலங்காலமாக ஆராயப்படுகின்றன. ரகத்துக்கு ரகம் விளைச்சல் தெரியும், வறட்சி தாங்குவது தெரியும். எந்த ரகத்தின் கூழ் எப்படிப் புளிக்கும் என்று ருசித்து எழுதிவைக்கவும் யாராவது உட்கார வேண்டும். 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. விளாத்திகுளம் சாலையிலோ இருபுறமும் மக்காச்சோளம். அது கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு, காசு கையில் நிற்கிறது. விதைக்கிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

தொட்டுக்கொள்வதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கரிசலில் தானாக முளைக்கும் மிதுக்கங்காயை வத்தல் போட்டு வறுத்தால் அதன் கசப்பு கூழின் புளிப்புக்கு நேர் எதிரே வந்து நிற்கும். பீருக்குள் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ செய்கிற வேலையை இது வெளியே இருந்து செய்கிறது. அது அகப்படாத நாளில் சீனியவரைக்காய் வத்தல், காணத் துவையல், நசுக்கிய சின்ன வெங்காயம், இப்படி இறங்கி வரலாம். மோர் மிளகாய் பரவாயில்லை, ஆனால் அதிலும் மோர்ப் புளிப்பு இருப்பதால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பாக்கெட் ஊறுகாயை வைத்தால் ஒதுக்கிவிடுங்கள். அதிலுள்ள வினிகர் ஏறிய நாக்குக்குக் கம்பும் தெரியாது, மக்காச்சோளமும் தெரியாது.