அடி மறந்தவரா, அணை போட்டவரா?

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் வலை இழுப்போர் பாடும் அம்பா கேட்டுப் பழகியவர்களுக்கு இப்படி ஒரு முன்பாட்டுக்காரரைத் தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் அடியைப் பாதியில் போட்டுவிட்டு ‘ஏலேலோ’வுக்குத் தாவுகிறவர். “வயசு போட்டுது, அடி மறந்திட்டார்” என்று கரை தீர்ப்பு எழுதிவிட்டது. எத்தனை பெட்டி மீன் பட்டது என்ற கணக்கை விடுங்கள். அந்தத் தீர்ப்பே பிழை.

கரைவலையில் இழுவை இரண்டு அணி. ஒரு கயிற்றைக் கரையில் விட்டுப் போகும் தோணி, கடலில் வளைந்து வந்து மறு கயிற்றைத் தள்ளி ஓரிடத்தில் கொடுக்கும். நடுவில் மீன் சேரும் மடி. இரு பக்கமும் ஒத்து இழுத்தால்தான் மடி நேரே வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், சூடையும் பாரைக்குட்டியும் நழுவும். சொல் நிறைந்த அடி ஆட்களை விரட்டும். ‘ஏலேலோ’வையோ வேண்டிய மட்டும் நீட்டலாம். மற்ற அணியின் கால்கள் மணலில் புதைவதைக் கண்டதும் இவர் அடியை வெட்டுகிறார். தன் அணியின் வேகத்தைத் தானே குறைக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

‘ஏலேலோ’ என்பது வள்ளுவர் காலத்துக் கப்பல் வணிகன் ஏலேலசிங்கனின் பெயர் என்றொரு கதை உண்டு. அழகான கதைதான். ஆனால் கயிறு பிடித்தவனுக்கு ‘ஏலேலோ’ மூச்சு விடும் இடம்.

1947இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமக்ஸ் ஒலிப்பதிவு செய்த வேலைப்பாட்டுகளிலும் இதே ஆட்டம்: ஒருவர் எடுக்க, கோடரி விழும் தாளத்தில் மற்றவர்கள் வாங்குகிறார்கள். அந்த மரபில் வளர்ந்த ப்ளூஸில் முதலடி பெரும்பாலும் இரண்டு தரம் வரும். மூன்றாவதை யோசிக்கப் பாடகனுக்கு அவகாசம் கிடைக்கும். அதை மறதி என்று யாரும் சொல்வதில்லை.

இனி நடக்கப்போவது இது. உழவு இயந்திரம் கயிறு சுற்றும் கரைகளில் அம்பா மேடைக்கு ஏறும். அங்கே ஓரடியும் விடாமல் பாடும் இளங்குரலுக்கே பரிசு. நம் முன்பாட்டுக்காரருக்கு ஆறுதல் பரிசும் கிடைக்காது. ஆனால் வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும், கையால் இழுக்கும் அணிகள் இவரைத்தான் தேடி வரும்.

அடுத்த தரம் அவர் அடியை விடும்போது வாயைப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கத்துக் கயிற்றைப் பாருங்கள்.