அரங்கும் அரசியலும்: கே. பி. ஜானகி அம்மாள் பற்றிய ஒரு மதிப்பீடு

நடிகையராக வாழ்வைத் தொடங்கி மக்கள் இயக்கங்களிலே தலைமை எய்திய பெண்களைப் பற்றி எழுதுவோர், அவ்வாழ்வை இரு கூறாகப் பிரித்து நோக்குவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. அரங்கு அவர்கள் கடந்து வந்த படியென்றும் அரசியலே அவர்கள் அடைந்த சிகரமென்றும் கொள்ளப்படுகின்றது. மதுரை கே. பி. ஜானகி அம்மாளின் (1917–1992) வாழ்வை ஆதாரமாகக் கொண்டு இக்கருத்தை மறுப்பதே நமது நோக்கமாகும். உன்னிச்சைக் குளத்தை அண்டிய படுவான்கரைக் கிராமங்களில் இன்றும் கூத்து ஆடப்படுவதனால், இவ்வினா நமக்கு வெறும் அயல்நாட்டு வரலாறு அன்று.

வறிய குடும்பத்திற் பிறந்த ஜானகி, சிறு வயதிலேயே பழனியப்பா பிள்ளை பாய்ஸ் கம்பெனியிற் சேர்ந்து, பின்னர் ஸ்பெஷல் நாடகங்களிற் கதாநாயகியாக உயர்ந்தார். ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு ஈண்டுக் கவனத்திற்குரியது. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள், கூட்டு ஒத்திகையின்றி அன்றிரவே மேடையிற் சந்திப்பர். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாடல்கள் பொதுச் சொத்தாக இருக்க, உரையாடலை அவரவரே அவ்விடத்திற் கட்டியெழுப்ப வேண்டும். ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியாக வருபவள் நாரதரோடும் வேடனோடும் நெடுநேரம் தர்க்கம் புரிவாள். பெண் பொதுவிடத்தில் வாய் திறத்தலே குற்றமெனக் கருதப்பட்ட காலத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஆடவனோடு சொற்போர் நிகழ்த்தும் பயிற்சியை இம்மேடையே அவளுக்கு அளித்தது. பிற்காலத்துப் பொதுக்கூட்டப் பேச்சாளர் உருவாகியது இங்கேதான் எனலாம்.

இரண்டாவது செய்தி சாதி பற்றியது. தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாத தாஸ் (1886–1940) நாவிதர் குலத்தவர். அவர் முருகனாக மேடையேறியபோது, உயர்சாதியினராகத் தம்மைக் கருதிய நடிகையர் அவருடன் இணைந்து நடிக்க மறுத்தனர். ஜானகி அவருக்கு இணையாக நடிக்க முன்வந்தார். இதனைத் தனிமனிதப் பெருந்தன்மையாக மட்டும் விளக்குதல் போதாது. மேடையில் தெய்வத்தை வணங்கிய கூட்டம், வேடம் கலைந்ததும் அதே மனிதனைத் தீண்டத் தயங்கியது. யார் யாருடன் மேடையில் நிற்கலாம் என்பதை நிருணயித்தது கலை விதியன்று, சமூக அதிகாரமே. அவ்வதிகாரத்தை மீறிய கணமே ஜானகியின் முதலாவது அரசியற் செயல் என்பது நமது துணிபு.

அதன் பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. காங்கிரஸ் சோசலிஸ்டுகளுடன் இணைந்த அவர், 1940ஆம் ஆண்டளவில் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்கு எதிராகப் பேசியமைக்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார். நாடகத்தில் ஈட்டிய நகைகளையும் உடைமைகளையும் இயக்கத்திற்கே ஈந்தார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தெரிவானார். ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டியெழுப்பியோரில் ஒருவராகவும் விளங்கினார்.

அவர் இறுதியில் நாடகத் தொழிலைத் துறந்தாரே, அவ்வாறாயின் அரங்கும் அரசியலும் வேறென்பது உறுதியாகின்றதன்றோ என வினவலாம். அமெரிக்கக் கறுப்பின நடிகை றூபி டீயின் (1922–2014) வாழ்வு இதற்கு விடை காண உதவும். ஹாலெமின் அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரில் வளர்ந்த அவர், 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகத்திற் சிக்காகோ நகரத்து உழைக்கும் கறுப்பினப் பெண்ணாகப் புறோட்வே மேடையில் நடித்தார். 1963இன் வாஷிங்டன் பேரணியிலும் பங்கேற்றார். முதுமை வரை அவர் அரங்கை விட்டு நீங்கவில்லை. அவருடைய மக்களின் வாழ்வை எழுதும் நாடகாசிரியர் அவருக்குக் கிடைத்தனர். ஜானகிக்கு வாய்த்தவையோ வள்ளியும் பவளக்கொடியுமே. மதுரை ஆலைத் தொழிலாளிப் பெண்ணையோ குத்தகைக் குடியானவளையோ அம்மேடை பாத்திரமாக்கவில்லை. எனவே ஜானகி கலையைத் துறந்தார் என்பதிலும், அவரது அனுபவத்திற்கு ஈடுகொடுக்க அக்கலை தவறியது என்பதே பொருத்தமாகும்.

இவ்விடத்திலேயே நமது களரி நினைவுக்கு வருகின்றது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் மரபுவழி ஆண்களே பெண் வேடம் புனைந்து வந்துள்ளனர். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றால் கூத்திற்குப் பல்கலைக்கழக மதிப்பை ஈட்டித் தந்தார். இக்கலைக்கு வெளியே மதிப்புத் தேடுவதே அக்காலத்துத் தேவையாக இருந்தது. களரியினுள்ளே பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் உரிய இடம் யாதென்ற வினா, இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சீலாமுனையில் மேற்கொள்ளப்பட்ட கூத்து மீளுருவாக்க முயற்சியிலேயே அழுத்தம் பெற்றது.

போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து திரும்பிய படுவான்கரை மக்கள் கூத்தைக் கைவிடவில்லை. வயலிலும் குளக்கட்டிலும் ஆண்களுக்குச் சமமாக உழைத்த பெண்கள், களரியைச் சூழ விடியும்வரை அமர்ந்திருந்து கூத்தின் ஒவ்வொரு தருவையும் அறிந்திருக்கின்றனர். அவர்கள் பார்ப்போராக மட்டும் எஞ்சுவதை மரபு என்ற சொல்லால் நியாயப்படுத்துதல் ஆய்வாளர்க்கு அழகன்று. மரபைப் பேணுதல் என்பது அதன் ஆட்ட முறைகளைப் பேணுதலாகும். அதன் விலக்குகளைப் பேணுதலாகாது. ஜானகி அம்மாளின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.