விசித்திரம் யாரிடம்?

ஆங்கிலத்தில் 'க்யூரியஸ்' என்று ஒரு பதம். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடத் தெரிந்ததுதான். ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதில் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள். 'க்யூரியஸ்' சம்பவம் என்றால் விசித்திரமான சம்பவம். 'க்யூரியஸ்' பையன் என்றால் பெரும்பாலும் எதையும் தெரிந்துகொள்ளத் துடிக்கிற பையன். ஒன்று பார்க்கப்படும் பொருளின் குணம். மற்றது பார்க்கிறவனின் குணம். மொழிபெயர்ப்பு நாவல்களிலோ இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ஒரே குற்றத்துக்காக அடுத்த வீட்டு அம்மாள் 'விசித்திரமான ஸ்திரீ' ஆகிவிடுகிறாள். அவளுக்கு என்ன சித்தக் கோளாறோ என்று வாசகரும் கடைசிப் பக்கம் வரை காத்திருக்கிறார்!

இந்தக் குழப்பம் ஒரு ராஜாவையும் விட்டு வைக்கவில்லை. விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் செய்வித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை நான்கும் இன்றிப் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இதை ஆக்கியவன் விசித்திரசித்தன் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குப் பழகிய பட்டந்தான். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இதை 'க்யூரியஸ்' மனம் கொண்டவன் என்று பெயர்த்தார்கள். இன்றைய தமிழ்க் காதுக்கோ விசித்திரசித்தன் என்றால் ஏதோ கிறுக்குப் பிடித்த ராஜா என்றே தொனிக்கிறது.

வடமொழியில் 'விசித்திர' என்பதற்குப் பல வண்ணம் கொண்டது, வியக்கத்தக்கது என்ற பொருள்கள் உண்டு. 'க்யூரியஸ்' என்பதன் வேரோ, கவனம் என்று பொருள்படும் 'கூரா' என்ற லத்தீன் சொல். காட்சிசாலைப் பொருள்களைக் காக்கும் 'க்யூரேட்டர்' அதே வேரில் பிறந்தவர்தான். பழைய ஆங்கிலத்தில் நுணுக்கமாக, கவனத்தோடு செய்த வேலைப்பாட்டையும் 'க்யூரியஸ்' என்றார்கள். விசித்திரம் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

மண்டகப்பட்டுக்குப் பொருந்துவது அந்தப் பழைய பொருள்தான் என்பது என் அபிப்பிராயம். சுவரில் ஒரு செங்கல் கோணலாகப் போனால் பெயர்த்து வேறு வைக்கலாம். பாறையில் ஓர் உளி தவறினால், தெறித்த சில்லை ஒட்ட முடியாது. இந்த நான்கும் இல்லாமல் முடியுமா என்று கேட்டவனுக்கு ஆவல் வேண்டியிருந்தது. முடித்துக் காட்டிய சிற்பிகளுக்குக் கவனம் வேண்டியிருந்தது. 'க்யூரியஸ்' என்ற ஒரு சொல்லில் இரண்டும் இருக்கின்றன.

ஆகவே மொழிபெயர்ப்பாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பதம் வந்தால், யாருடைய குணம் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையை வீட்டிலேயே பலர் விசித்திரப் பிறவி என்கிறார்கள். புத்தகமும் அதையே சொல்ல வேண்டுமா?